கேஸ் ஒழுகினால் கேமராவுக்கு யார் பொறுப்பு?

டிஜிட்டல் கேமராவோ செல்போனோ வாங்குபவர்கள் கூடவே ஒரு வாட்டர்ப்ரூஃப் கேஸும் வாங்குவது வழக்கமாகிவிட்டது. போடி, பொட்டிபுரம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இது ஆடம்பரம் அல்ல. போடிமெட்டு ஏறினால் மேகமும் சாரலும். ஏலத்தோட்டத்துக்குள் நுழைந்தால் ஈரம். விடுமுறை என்றால் கும்பக்கரை அருவி. சரி, அந்தக் கேஸே ஒழுகி, உள்ளே இருந்த கேமரா வீணாகிவிட்டால்?

கேமராவின் சர்வீஸ் சென்டரில் கேட்டால், "தண்ணீர் புகுந்ததற்கு வாரன்டி கிடையாது" என்பார்கள். கேஸ் கம்பெனியைக் கேட்டால், "கேஸுக்கு மட்டும்தான் வாரன்டி, உள்ளே வைத்த பொருளுக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்பார்கள். கடைசியில் சில நூறு ரூபாய் கேஸுக்குப் பதில் வேறு கேஸ் கிடைக்கும். பல ஆயிரம் ரூபாய் கேமரா போனது போனதுதான்.

முதல் பதிலில் நியாயம் இருக்கிறது. சாதாரண கேமராவைத் தண்ணீரில் இறக்கலாம் என்று அதைத் தயாரித்தவர் சொல்லவில்லை. இரண்டாவது பதிலைத்தான் நாம் ஏற்கக் கூடாது. உள்ளே இருப்பதை நனையாமல் காப்பதுதான் அந்தக் கேஸின் ஒரே வேலை. காவலுக்கு ஆள் வைத்தும் வீடு கொள்ளை போகிறது. "என் கைத்தடிக்கு மட்டும்தான் நான் பொறுப்பு" என்று காவல்காரர் சொன்னால் விட்டுவிடுவோமா?

சட்டமும் ஏறக்குறைய இதையே கேட்கிறது. 2020 ஜூலை 20 அன்று நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, 'பொருள் பொறுப்பு' என்று தனி அத்தியாயமே வைத்திருக்கிறது. குறையுள்ள ஒரு பொருள், உங்களுடைய வேறொரு பொருளைச் சேதப்படுத்தினால் தயாரித்தவரிடம் இழப்பீடு கேட்கலாம். வெளிப்படையாகத் தந்த உறுதிமொழிப்படி பொருள் இல்லை என்றால், "நான் அலட்சியமாக இருக்கவில்லை" என்று அவர் நிரூபித்தாலும் தப்ப முடியாது. தயாரித்தவர் யாரென்றே தெரியாத மலிவு கேஸ் என்றால், விற்றவரே பொறுப்பாளி ஆகலாம்.

வெளிநாடுகளில் பெரிய கம்பெனிகளே அபராதம் கட்டியிருக்கின்றன. தண்ணீரைத் தாங்கும் என்று விளம்பரம் செய்துவிட்டு, தண்ணீர்ச் சேதத்துக்கு வாரன்டி மறுத்த ஆப்பிளுக்கு 2020 நவம்பரில் இத்தாலி 1 கோடி யூரோ அபராதம் விதித்தது. கேலக்ஸி போன்களைக் கடலிலும் நீச்சல் குளத்திலும் பயன்படுத்தலாம் என்பது போல விளம்பரம் செய்த சாம்சங்குக்கு 2022 ஜூனில் ஆஸ்திரேலிய நீதிமன்றம் 1.4 கோடி டாலர் அபராதம் போட்டது.

அதற்காக எல்லாத் தவறையும் கம்பெனி தலையில் கட்ட முடியாது. தவறாகப் பயன்படுத்தினாலோ வாரன்டி நிபந்தனையை மீறினாலோ இழப்பீடு கிடைக்காது. ஐபிஎக்ஸ்7 என்று அச்சிட்டிருந்தால், 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள். அது அசையாத நல்ல தண்ணீரில் செய்யும் சோதனை. கும்பக்கரையில் பாறையில் அறைந்து விழும் நீருக்கு அந்த எண் உத்தரவாதம் தராது. பாய்ச்சும் நீருக்கு ஐபிஎக்ஸ்5, ஐபிஎக்ஸ்6 என்று தனிச் சோதனைகள் இருக்கின்றன. மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தில் ஒரு தலைமுடி சிக்கினாலும் நீர் கசியும்.

எனவே கேமராவை வைக்கும் முன், கேஸுக்குள் டிஷ்யூ பேப்பர் மட்டும் வைத்து ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் அமுக்கி வையுங்கள். பேப்பர் நனைந்தால் கேஸை அன்றே திருப்பிக் கொடுங்கள். பில், அட்டைப் பெட்டி, 'வாட்டர்ப்ரூஃப்' என்ற விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் ஆகியவற்றைக் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டர் போட்டுச் சேமியுங்கள். நாளைக்கு அவைதான் உங்கள் சாட்சி.

தண்ணீர் புகுந்துவிட்டால் கேமராவை ஆன் செய்து பார்க்காதீர்கள். பேட்டரியையும் மெமரி கார்டையும் கழற்றுங்கள். ஒழுகிய கேஸைத் தூக்கி எறிய வேண்டாம். போட்டோ எடுத்து, கேஸ் கம்பெனிக்கு இமெயிலில் புகார் அனுப்புங்கள். போனில் பேசியதற்கு அத்தாட்சி இருக்காது. பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீரவில்லையா? தேனி மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஆன்லைனில் வாங்கிய பொருளுக்கும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்ச ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. 2 வருடத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான்.

"சில ஆயிரத்துக்கு யார் அலைவது?" என்று நாம் ஒதுங்கிவிடுவோம் என்ற தைரியத்தில்தான் வாரன்டி அட்டையில் பொடி எழுத்து அச்சாகிறது. அடுத்த முறை கடையில், "ஒழுகினால் கேமராவுக்கும் பொறுப்பா?" என்று விலை பேசும் முன்பே கேளுங்கள். பதிலைப் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால், அந்தக் கேஸ் உங்களுக்கு வேண்டாம்.