ஸ்பீக்கரை அணைக்கிற வேலை யாருடையது?

டிஸ்கி: கொஞ்சம் டெக்னிக்கலான பதிவு. ஃபார்முலா எதுவும் வராது, பெருக்கல் கணக்கு ஒண்ணே ஒண்ணு வரும். பயப்படாம படிங்க :)

ஒரே பாட்டை மூணு ரூம்ல ஒண்ணா கேட்கிறது இப்போ பெரிய விஷயமே இல்லை. ரூமுக்கு ஒரு ராஸ்பெர்ரி பை, ஒரு ஜோடி பவர்டு ஸ்பீக்கர், ஒரு மூலையில சர்வரா ஓடுற பழைய கம்ப்யூட்டர். இவ்வளவுதான். பவர்டு ஸ்பீக்கர்னா ஆம்ப்ளிஃபையர் பெட்டிக்குள்ளேயே இருக்கும், நேரா கரண்ட்ல சொருகிக்கலாம். மென்பொருள் எல்லாம் இலவசம். பாட்டு வர வைக்கிறது சுலபம். பாட்டு நின்ன பிறகு ஸ்பீக்கரை யார் அணைக்கிறது? சிக்கல் அங்கதான்.

"ஆன்லயே கிடந்துட்டுப் போகட்டுமே"ன்னு நண்பர்கள் சொல்றாங்க. எங்க வீட்டுல வாட் மீட்டர் வெச்சுப் பார்த்தேன். ஒரு ஜோடி சும்மா இருக்கும்போதே 12 வாட் இழுக்குது. மூணு ரூமுக்கு 36 வாட். ஒரு நாளைக்கு 0.86 யூனிட், ரெண்டு மாச பில்லுக்கு கிட்டத்தட்ட 52 யூனிட். 2016-ல தமிழ்நாட்டுல ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம்னு அறிவிச்சாங்களே, அதுல பாதியை யாரும் கேட்காத நிசப்தத்துக்குக் கொடுக்கிற மாதிரி. எனக்கு மனசு வரலை.

சரி, அணைக்கிற பொறுப்பை யாருக்குக் கொடுக்கலாம்? மூணு வேட்பாளர்கள்.

முதல் வேட்பாளர், ஸ்பீக்கரேதான். ஐரோப்பிய ஒன்றியம் 2008-ல ஒரு விதி கொண்டுவந்தது. டிஸ்ப்ளே இல்லாத சாதனம் ஸ்டாண்ட்பைல 2010-லேர்ந்து 1 வாட்டையும், 2013-லேர்ந்து 0.5 வாட்டையும் தாண்டக் கூடாது. வேலை இல்லைன்னா தானாவே அந்த நிலைக்குப் போகணும். அதையொட்டி நிறைய ஸ்பீக்கர்கள்ல சிக்னல் சென்சிங் வந்துச்சு. ஒயர்ல சிக்னல் வந்தா முழிச்சுக்கும், கொஞ்ச நேரம் வரலைன்னா தூங்கிடும். நோக்கம் நல்ல நோக்கம். ஆனா ஸ்பீக்கர் பாவம், ஒயர்ல வர்றதை வெச்சு ஊகிக்க மட்டும்தான் முடியும். ராத்திரி 11 மணிக்கு வால்யூமைக் குறைச்சுக் கேட்கிறீங்க. பிளேயர் வால்யூமைக் குறைச்சா ஒயர்ல வர்ற சிக்னலும் சின்னதாயிடும். ஸ்பீக்கர் "யாரும் இல்லை போல"ன்னு பாதிப் பாட்டுல தூங்கிடும். இதுக்கு நேர் எதிரான கூத்தும் உண்டு. ஒயர்ல லேசா ஒரு ஹம் இருந்தா போதும், பாட்டே இல்லாம விடிய விடிய முழிச்சுக்கிட்டு இருக்கும்.

மனுஷ நடமாட்டத்தைப் பார்க்கிற மோஷன் சென்சரும் இதே ஜாதிதான். கண்ணை மூடி அசையாம பாட்டுக் கேட்கிறவனை அது ஆளாவே மதிக்காது.

ரெண்டாவது வேட்பாளர், கம்பெனி சர்வர் வழியா வேலை செய்யற ஸ்மார்ட் பிளக். ஹால்ல இருக்கிற ஸ்பீக்கரை அணைக்க, கட்டளை கடல் தாண்டிப் போய்த் திரும்பி வரணுமாம். மழை பெஞ்சு நெட் போனா கட்டளையும் போச்சு. இதைவிடப் பெரிய ஆபத்து வேற. ரிவால்வ்னு அமெரிக்காவுல ஒரு வீட்டு ஆட்டோமேஷன் பெட்டி இருந்தது, விலை 300 டாலர். அந்தக் கம்பெனியை 2014-ல நெஸ்ட் வாங்குச்சு. 2016 மே மாசம் அதோட சர்வரை மூடினாங்க. பெட்டி கெட்டுப் போகலை, ஆனா வேலை செய்யலை. காசு கொடுத்து வாங்கினவன் வீட்டு சுவிட்ச், வேற யாரோ எடுத்த முடிவுல செத்துப் போச்சு.

மூணாவது வேட்பாளர், பாட்டுப் போடுற பிளேயர். என் ஓட்டு இதுக்குத்தான். காரணம் ரொம்ப சிம்பிள். பாட்டு ஓடுதா இல்லையாங்கிறது அதுக்குத் தெரியும். ஊகிக்க வேண்டியதே இல்லை.

எப்படின்னு சொல்றேன். ஸ்க்வீஸ்லைட்னு ஒரு குட்டி பிளேயர் இருக்கு. பாட்டு நின்னு இத்தனை விநாடி ஆனா சவுண்ட் கார்டை மூடிடுன்னு அதுல சொல்லி வைக்கலாம். நான் 600 விநாடி வெச்சிருக்கேன். சவுண்ட் கார்டு ஓடுதா, மூடியிருக்கான்னு லினக்ஸ் கர்னல் ஒரு சின்ன ஸ்டேட்டஸ் ஃபைல்ல காட்டும். அதை விநாடிக்கு ஒரு தடவை படிக்கிற பத்து வரி ஸ்க்ரிப்ட் போதும். ஓடுதுன்னா பிளக்கை ஆன் பண்ணு, மூடியாச்சுன்னா ஆஃப் பண்ணு. பிளக்ல டாஸ்மோட்டா மாதிரி திறந்த மூல மென்பொருள் இருந்தா, கட்டளை வீட்டு வைஃபையைத் தாண்டி வெளியே போகாது. நெட் இல்லைன்னாலும் கவலை இல்லை. வால்யூம் எவ்வளவு கம்மியா இருந்தாலும் பாதில தூங்காது. ஒவ்வொரு ரூமும் தன் பிளேயரை மட்டும் பார்த்து நடக்கிறதால, பெட்ரூம்ல பாடும்போது ஹால் ஸ்பீக்கர் அணைஞ்சே இருக்கும்.

எதுக்கு 600 விநாடி? பாட்டை நிறுத்திட்டு ஒரு போன் பேசிட்டு வருவோம், அடுத்த ஆல்பம் தேடுவோம். அதுக்கெல்லாம் ரிலே டக் டக்னு அடிச்சுக்கிட்டு இருந்தா பிளக்குக்கும் நல்லதில்லை, காதுக்கும் நல்லதில்லை. ஒவ்வொரு தடவை ஆன் ஆகும்போதும் ஸ்பீக்கர் ஒரு கணம் பெரிய கரண்ட்டை இழுக்கும்; ரிலே முனைகள் தேயறது அதனாலதான். இன்னொண்ணு, பை பெட்டியை எப்பவும் ஆன்ல விட்டுட்டு ஸ்பீக்கரை மட்டும் அணைக்கணும். ஸ்பீக்கர் ஆன்ல இருக்கும்போது பையோட கரண்ட்டைப் பிடுங்கினா "டொப்"புன்னு ஒரு சத்தம் வரலாம், அது ஸ்பீக்கருக்கு ஆகாது.

குறை இல்லாம இல்லை. ஸ்பீக்கர் எழுந்திரிக்கிறதுக்குள்ள முதல் பாட்டுல ஒண்ணு ரெண்டு விநாடி போயிடும். சிக்னல் சென்சிங்லயும் இதே கதைதான்னாலும், குறை குறைதான்.

இதைவிட முக்கியமான எதிர்வாதம் ஒண்ணு இருக்கு. தான் போடுற பாட்டு மட்டும்தான் பிளேயருக்குத் தெரியும். எங்க அப்பா காலையில அதே ஸ்பீக்கர்ல ரேடியோவைச் சொருகி நியூஸ் கேட்பார். பிளேயரைப் பொறுத்தவரை அப்போ வீட்டுல நிசப்தம். செய்தி பாதியில இருக்கும்போது ஸ்க்ரிப்ட் பிளக்கை அணைச்சா, அப்பாவோட வீட்டுல அப்பாவுக்கே உரிமை இல்லைன்னு ஆயிடும். அதனால ஒரு விதி: ஸ்க்ரிப்ட் தான் ஆன் பண்ணினதை மட்டும்தான் ஆஃப் பண்ணணும். பிளக் ஏற்கனவே ஆன்ல இருந்தா, யாரோ மனுஷர் கை வெச்சிருக்கார்னு அர்த்தம், ஒதுங்கிக்கணும். அதோட பிளக்ல இருக்கிற பட்டன் எப்பவும் வேலை செய்யணும். ஆப் இறக்கு, பாஸ்வேர்டு போடுன்னு பெரியவங்களைப் படுத்தக் கூடாது. சுவிட்ச் போடத் தெரிஞ்ச எல்லாருக்கும் வீடு கட்டுப்படணும்.

கடைசியா ஒரு விஷயம். நம்ம பொட்டிதட்டி மக்கள்ல நிறைய பேர் "எல்லாம் ரெடிமேடா கிடைக்குதே, எதுக்கு இந்த வேலை"ன்னு கேட்பீங்க. ஸ்க்வீஸ்பாக்ஸ் பிளேயர்களை லாஜிடெக் 2012-ல நிறுத்தினாங்க. அதுக்கான இணைய சேவையையும் 2024-ல மூடிட்டாங்க. இருந்தும் அந்தப் பெட்டிகள் இன்னிக்கும் வீடுகள்ல பாடிக்கிட்டு இருக்கு. சர்வர் மென்பொருள் திறந்த மூலமா வீட்டுக் கம்ப்யூட்டர்லயே ஓடுறதால, ஆர்வலர்கள் லிரியான்னு புதுப் பேர் வெச்சு அதை நடத்துறாங்க. ரிவால்வ் செத்ததுக்கும் இது பிழைச்சதுக்கும் வித்தியாசம் அந்த ஒண்ணுதான். பாட்டுப் பெட்டிக்கே இப்படின்னா, கரண்ட் சுவிட்ச்சுக்கு இன்னும் கறாரா இருக்கணும்ங்கிறது என் கட்சி.

பி.கு: எந்த பிளக் வாங்கினாலும் அது எத்தனை ஆம்பியர் தாங்கும்னு பார்த்து வாங்குங்க. 230 வோல்ட் சமாச்சாரம், பெட்டியைத் திறந்து விளையாட வேண்டாம். உங்க வீட்டுல ஸ்பீக்கரை யார் அணைக்கிறாங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. "தங்கமணிதான்"ங்கிற பதிலும் ஏற்றுக்கொள்ளப்படும் :)