விசிட்டிங் கார்டு யாருடைய சொத்து?

டெல்லி பிரகதி மைதானத்தில் ஆண்டுதோறும் நவம்பர் 14-ம் தேதி இந்திய சர்வதேச வர்த்தகக் கண்காட்சி தொடங்கும். இரண்டு வாரம் நடக்கும். ஊறுகாயிலிருந்து பித்தளைச் சாமான் வரை கடை விரிக்கிறவர்களுக்கு முன்பெல்லாம் ஒரே கவலைதான்: கடைசி நாள் வரை விசிட்டிங் கார்டு தீராமல் இருக்க வேண்டும். இப்போது அதற்கும் முந்தைய கேள்வி ஒன்று வந்துவிட்டது. கார்டு அடிக்கத்தான் வேண்டுமா? மேஜையில் ஒரு க்யூ.ஆர். கட்டத்தை ஒட்டிவைத்து, "ஸ்கேன் கர் லீஜியே" என்று சொல்லிவிட்டால் போதாதா?

போதும் என்கிறார்கள் டிஜிட்டல் கார்டு விற்பவர்கள். நவீனம், சிக்கனம், மரம் காப்பாற்றப்படும் என்று மூன்று காரணம் சொல்கிறார்கள். மரக் கணக்கை மட்டும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்க வேண்டும். போன் மீது வைத்தால் விவரம் போய்ச் சேருகிற என்.எஃப்.சி. அட்டை பெரும்பாலும் பிளாஸ்டிக். உள்ளே ஒரு சில்லும் உலோகச் சுருளும் இருக்கும். பழைய பேப்பர்காரர் அதை எடுத்துக்கொள்ள மாட்டார். லாமினேட் செய்த காகித அட்டையும் லேசில் மக்காது, அது வேறு விஷயம்.

பெயரைப் பாருங்கள், விசிட்டிங் கார்டு. வெள்ளைக்காரர்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகும்போது வாசலில் வேலைக்காரரின் தட்டில் போட்டுவிட்டு வந்த அட்டை அது. ஆளை அனுப்பாமல் தானே நேரில் வந்ததைத் தெரிவிக்க ஒரு மூலையை மடித்து வைப்பார்கள். அந்தச் சம்பிரதாயம் அவர்கள் ஊரிலேயே ஒழிந்துவிட்டது. நாம் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, அதில் கடை விலாசத்தையும் பிள்ளையார் படத்தையும் சேர்த்துக்கொண்டோம்.

ஜப்பானில் கார்டை இரண்டு கையாலும் வாங்க வேண்டும். படித்துப் பார்க்காமல் பைக்குள் திணிப்பது மரியாதைக் குறைவு. அதே ஜப்பானில்தான் 1994-ல் டென்சோ நிறுவனத்தார், கார் உதிரி பாகங்களை எண்ணிச் சரிபார்ப்பதற்காக க்யூ.ஆர். கோடைக் கண்டுபிடித்தார்கள். நம் ஊரில் 2016-ல் யு.பி.ஐ. வந்தது. அதன் பிறகு இளநீர் வண்டியிலும் அந்தக் கட்டம் தொங்குகிறது. ஸ்கேன் செய்ய யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கூடவே ஒரு பயமும் வந்திருக்கிறது: முன்பின் தெரியாதவர் கட்டத்தை நீட்டினால், பணம் போய்விடுமோ என்று தயங்குகிறவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் காகிதமா, டிஜிட்டலா என்று முடிவு செய்யும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய சமாச்சாரம் வேறு. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இந்தக் கட்டங்களில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்றில் உங்கள் பெயர், எண், மின்னஞ்சல் எல்லாம் அந்தக் கறுப்புப் புள்ளிகளுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். வி-கார்டு என்று இதற்கு ஒரு பொது வடிவம் 1990-களின் நடுவிலேயே வந்துவிட்டது. இணைய இணைப்பு இல்லாவிட்டாலும் போன் அதைப் படித்து, எண்ணைச் சேமித்துக்கொள்ளும். இன்னும் பத்து வருடம் கழித்தும் படிக்கும்.

மற்றொன்றில் உங்களைப் பற்றி எதுவுமே இருக்காது. ஒரு கம்பெனியின் இணைய முகவரி மட்டும் இருக்கும். ஸ்கேன் செய்கிறவர் அந்தக் கம்பெனியின் வாசலுக்குப் போவார். கம்பெனி அவரை உங்கள் விவரத்துக்கு அனுப்பிவைக்கும். சௌகரியம் உண்டு. எண் மாறினால் ஒரே இடத்தில் திருத்தினால் போதும், அச்சடித்த கட்டத்தை மாற்ற வேண்டாம். அசௌகரியத்தை விற்பவர்கள் உரக்கச் சொல்வதில்லை. வருடச் சந்தா கட்டத் தவறினாலோ, கம்பெனி கடையைச் சாத்தினாலோ, நீங்கள் கொடுத்த கட்டங்கள் அத்தனையும் ஒரே நாளில் செல்லாக்காசாகிவிடும். ஆயிரம் அட்டையில் அச்சடித்திருந்தால் ஆயிரமும்.

இன்னொன்று. எப்போது, ஏறக்குறைய எந்த ஊரிலிருந்து, எந்த வகை போனில் ஸ்கேன் செய்தார்கள் என்பதை அந்தக் கம்பெனி குறித்துக்கொள்ள முடியும், உங்களுக்கும் காட்டும். இதை ஒரு வசதியாகவே விளம்பரம் செய்கிறார்கள். காகித அட்டையைக் கை மாற்றிய பிறகு அது வாங்கியவரின் சொத்து. அவர் அதை எத்தனை முறை எடுத்துப் பார்த்தார் என்று கொடுத்தவருக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம் என்பது என் கட்சி.

காகிதத்தின் பலவீனமும் ஊரறிந்தது. 1995-ல் பம்பாய் மும்பையானபோதும், 1996-ல் மெட்ராஸ் சென்னையானபோதும், ஏழு இலக்கத் தொலைபேசி எண்கள் எட்டு இலக்கமானபோதும் பேனாவால் அடித்துத் திருத்திய கார்டுகள் மாதக்கணக்கில் உலவின. எண்ணை மாற்றாமலே கம்பெனி மாறும் வசதி 2011-ல் நாடு முழுக்க வந்த பிறகு செல்போன் எண் கொஞ்சம் நிலைத்துவிட்டது. மாறுவது வேலைதான். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கம்பெனி மாறுகிறவருக்கு ஆயிரம் அட்டை அடிப்பது வீண். மிச்சமிருப்பதில் பால் கணக்கு எழுதலாம். அவருக்கு டிஜிட்டல்தான் சரி. பார்வையற்றவருக்குக் கொடுக்கும்போதும் அப்படியே. பிரெய்லி இல்லாத அட்டை அவருக்கு வெறும் தாள். போனில் சேமித்த பெயரையும் எண்ணையும் போனே படித்துக் காட்டிவிடும்.

குழாய் ரிப்பேர் செய்கிறவர், மின்சார வேலை செய்கிறவர், தையற்காரர், சமையல் காண்டிராக்டர் இவர்கள் நிலைமை நேர் எதிர். இவர்களைக் கார்டு கொடுத்த அன்றைக்கு யாரும் கூப்பிடுவதில்லை. எட்டு மாதம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் தொட்டி நிரம்பி வழியும்போது தேடுவார்கள். போனில் இருக்கும் ஐந்நூறு பெயருக்கு நடுவில் அவர் பெயர் நினைவுக்கு வராது. ஃபிரிட்ஜ் கதவில் செருகியிருந்தால் வரும். வீட்டில் யார் கண்ணில் பட்டாலும் கூப்பிடலாம், அதற்குக் குடும்பத் தலைவரின் போன் தேவையில்லை. இவர்களிடம் போய் "எல்லாரும் டிஜிட்டலுக்கு மாறியாச்சு" என்று சொல்லி வருடச் சந்தா வாங்குவது அநியாயம்.

இதுவரை சொன்னது காசு விவகாரம். அதைவிடப் பெரிய விவகாரம், கார்டில் எந்த எண்ணைப் போடுவது என்பது. அலுவலக மேஜைத் தொலைபேசி இருந்த காலத்தில் ஒரு பெண் தன் கார்டை யாரிடமும் தயங்காமல் கொடுக்க முடிந்தது. ஆறு மணிக்குமேல் அந்த எண் அடித்தாலும் எடுக்க ஆளில்லை. இப்போது பல அலுவலகங்களில் மேஜைத் தொலைபேசியே கிடையாது. மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியோ, இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்டோ கார்டில் போடுவது சொந்த செல்போன் எண். அந்தப் பத்து இலக்கம் கையில் கிடைத்தால் வாட்ஸ்அப்பில் முகம் தெரியலாம். பணம் அனுப்பும் ஆப்பில் தட்டினால் வங்கிக் கணக்கிலுள்ள பெயர் வந்து நிற்கும். இரவு பதினோரு மணிக்கு 'ஹாய்' வரும். "விற்பனை வேலைக்கு வந்துவிட்டு எண்ணைக் கொடுக்க யோசிக்கலாமா?" என்று கேட்கிற மேலதிகாரிகள் இருக்கிறார்கள். அந்த 'ஹாய்' அவர்கள் போனுக்கு வருவதில்லை.

காகிதமோ டிஜிட்டலோ, தானாக இந்தப் பெண்ணைக் காப்பாற்றாது. பார்க்கப் போனால் டிஜிட்டல் ஒரு படி மோசம்: காகிதத்தில் உள்ள எண்ணை ஒருவர் உட்கார்ந்து தட்ட வேண்டும், டிஜிட்டலில் விரலை வைத்ததும் போட்டோவோடு சேமித்துவிடும், அடுத்த நிமிடம் பத்துப் பேருக்கு அனுப்பியும் விடலாம். வழி என்று பார்த்தால் வேலைக்கென்று தனியாக ஒரு சிம். அதன் செலவைக் கம்பெனி ஏற்க வேண்டும். எந்தக் கார்டை அடிப்பது என்று கூட்டம் போட்டுப் பேசுகிற நிறுவனங்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது இதை.

கடை வைத்திருப்பவருக்கு நான் சொல்லும் யோசனை சாதாரணமானது. காகித அட்டை அடியுங்கள். பின்பக்கத்தில் முதல் ஜாதிக் கட்டம் ஒன்றைப் போடுங்கள், அதாவது விவரத்தைத் தனக்குள்ளேயே வைத்திருப்பதை. தமிழில் விவரம் போட ஆசைப்பட்டால் சுருக்கமாகப் போடுங்கள். கணினிக் கணக்கில் ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் 'க' என்றால் மூன்று, 'கி' என்றால் ஆறு. விலாசம் முழுவதையும் தமிழில் திணித்தால் புள்ளிகள் பொடிப்பொடியாகி, மலிவு போன்கள் படிக்கத் திணறும். கறை பட்டாலும் படிக்கிற மாதிரி, ஏறக்குறைய 30 சதவீதம் வரை சேதத்தைத் தாங்கும்படி கட்டத்தை அமைக்க முடியும். அதற்கும் புள்ளிகள் கூடும். இரண்டு சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும்.

ஆயிரத்துக்கு ஆர்டர் கொடுக்கும் முன் ஒரு பிரதி வாங்கி, டியூப்லைட் வெளிச்சத்தில், வீட்டில் இருப்பதிலேயே பழைய போனால் ஸ்கேன் செய்து பாருங்கள். கட்டத்தைச் சுற்றி நான்கு பக்கமும் நான்கு புள்ளி அகலத்துக்கு வெள்ளை ஓரம் இருக்க வேண்டும். டிசைன் செய்கிறவர் அழகுக்காக அங்கே பூ போட்டுவிடுவார். விடாதீர்கள்.