சல்யூட் வேண்டாம், சிக்னல் கொடுங்கள்

கார்த்திகை தீபத்தன்று மாலை ஆறு மணிக்குத் திருவண்ணாமலையில் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. எல்லோரும் கழுத்தை நிமிர்த்தி மலை உச்சியைத்தான் பார்ப்பார்கள். 2668 அடி உயரத்தில் கொப்பரையில் தீபம் ஏறியதும் "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்று ஊரே கத்தும். முன்பெல்லாம் அந்த நேரத்தில் இரண்டு கையும் கும்பிடத்தான் மேலே போகும். இப்போது ஒரு கையில் செல்போன். அதில் ஓடும் வீடியோ கால்களில் சில காஷ்மீருக்குப் போகின்றன, சில அருணாசலப் பிரதேசத்துக்கு. (அருணாசலத்தை விட்டுவிட்டு அருணாசலத்துக்கே டியூட்டி. பெயர்ப் பொருத்தத்தைப் பாருங்கள்!)

மறுமுனையில் இருப்பது போளூர், செங்கம், கலசப்பாக்கம் பக்கத்துப் பையன். சிக்னல் இருந்தால் தீபம் தெரியும். இல்லாவிட்டால் திரையில் சுற்றும் வட்டம்தான் அவனுக்குக் கிரிவலம்.

பழைய வட ஆற்காடு மண்ணுக்குப் பட்டாளம் புதிதில்லை. வேலூர் பக்கம் கம்மவான்பேட்டையை 'ராணுவப்பேட்டை' என்றே சொல்வார்கள். அப்பா, பிள்ளை, பேரன் என்று தலைமுறை தலைமுறையாகப் பச்சைச் சட்டை போட்ட குடும்பங்கள் அங்கே உண்டு. 1989-ல் தனி மாவட்டமாகப் பிரிந்த திருவண்ணாமலையிலும் மிலிட்டரிக்காரர் வீடு என்று அடையாளம் சொல்லும் தெருக்கள் எத்தனையோ.

இவர்களுக்கு நாம் என்ன செய்கிறோம்? எல்லைச்சாமி என்கிறோம். ஆகஸ்ட் 15 அன்று ஸ்டேட்டஸ் வைக்கிறோம். லீவில் வந்தால் முதல் கேள்வி "எப்ப வந்த?", அடுத்தது "எப்பப் போற?", மூன்றாவது மட்டும் காதோடு, "கேன்டீன் பாட்டில் ஏதாவது இருக்கா?". இந்த மூன்றுக்குமேல் நமக்கும் அவருக்கும் பேச்சு நகர்வதே இல்லை. சாமி என்று சொல்லிவிட்டால் ஒரு வசதி. சாமிக்கு லீவு தேவையில்லை, வீட்டு ஞாபகம் வராது, போன் பேச ஆசையிருக்காது.

சினிமாவில் சிப்பாய் எப்போதும் சுட்டுக்கொண்டே இருப்பார். முகாமில் அப்படி இல்லை நண்பர்களே. விடியுமுன் எழுந்து பி.டி., ஷேவிங், ஃபால் இன், துப்பாக்கி துடைப்பது, முகாமைப் பெருக்குவது, லங்கரில் தட்டோடு வரிசை, சாயங்காலம் விளையாட்டு, ரோல்கால், அதற்குமேல் முறை வைத்து இரவுக் காவல். மறுநாளும் இதேதான். சர்வீஸ் முழுக்க ஒரு போரையும் பார்க்காமல் ஓய்வு பெறுகிறவர்கள் ஏராளம். அந்த நாளில் மற்ற நாட்களிலிருந்து வித்தியாசமாக ஒன்று உண்டென்றால் அது வீட்டிலிருந்து வரும் போன்தான். அம்மாவுக்குச் சர்க்கரை ஏறிவிட்டது, பையனுக்கு ஃபீஸ் கட்டவேண்டும், பங்காளி வரப்பை நகர்த்திவிட்டான். இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி நின்று எதையும் சரிசெய்ய முடியாது. கேட்கவாவது வேண்டாமா?

கேட்பதற்கு என்ன விலை வைத்தோம் என்று பாருங்கள். 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் சுமார் 19,600 அடி உயரத்தில் பனிச்சரிவு. மெட்ராஸ் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த 10 பேர் புதைந்தார்கள். அதில் 4 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள், ஒருவர் நம் பக்கத்து வேலூர் மாவட்டம். ஆறு நாள் கழித்துப் பனிக்கடியிலிருந்து உயிரோடு மீட்கப்பட்ட ஹனுமந்தப்பாவும் பிப்ரவரி 11 அன்று டெல்லி மருத்துவமனையில் இறந்தார். நாடே அழுதது. அதே காலத்தில் சியாச்சின் மாதிரி இடங்களில் இருந்த சிப்பாய் சேட்டிலைட் போனில் வீட்டோடு பேச நிமிடத்துக்கு 5 ரூபாய், அதற்குமேல் மாதக் கட்டணம் 500 ரூபாய். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு யாரும் யாரோடும் மணிக்கணக்கில் இலவசமாக வெட்டிப் பேச்சு பேசலாம். பனியில் நிற்பவருக்கு மட்டும் மேலும் ஓராண்டுக்கு அதே 5 ரூபாய். 2017 அக்டோபரில்தான் ஒரு ரூபாயாகக் குறைத்து, மாதக் கட்டணத்தையும் நீக்கினார்கள். அதுவும் எப்படி? தீபாவளிப் பரிசாம்! பாக்கியைக் கொடுத்துவிட்டுப் பரிசு என்று சொல்வதை இங்கேதான் பார்க்கலாம்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அதன்பிறகு நிலைமை மாறியிருக்கிறது. 2022-ல் சியாச்சினுக்குச் சேட்டிலைட் வழியாக இணையம் வந்தது, 2025 ஜனவரியில் ஜியோவே ஏறிவிட்டது. டவர் வந்துவிட்டது. ஆனால் பேச விடுகிற மனது?

2020 ஜூலையில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உட்பட 89 ஆப்களை நீக்கச் சொல்லி ராணுவம் உத்தரவிட்டது. ஒரு லெப்டினன்ட் கர்னல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். வெளிநாட்டில் இருக்கும் மகளோடும் உறவினர்களோடும் தொடர்பில் இருக்க ஃபேஸ்புக்தான் வழி என்றார். ஆகஸ்டில் மனு தள்ளுபடியானது. கர்னலுக்கே இந்த நிலை என்றால் சிப்பாய் எந்தக் கோர்ட்டுக்குப் போவார்?

அதே 2020-ல் டெல்லியில் உள்ள யுனைடெட் சர்வீஸ் இன்ஸ்டிடியூஷன் என்ற பழமையான ராணுவ ஆய்வு நிறுவனத்துக்காகப் பணியில் இருந்த ஒரு கர்னல் செய்த ஆய்வு வெளிவந்தது. படையினரில் பாதிக்கு மேற்பட்டோர் கடுமையான மன அழுத்தத்தில் இருக்கிறார்கள் என்றது அது. சிப்பாய்கள் மட்டத்தில் காரணங்கள் என்னவாம்? எதிரியின் குண்டு என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். விடுப்பு தாமதமாவது, விடுப்பு மறுக்கப்படுவது, குடும்பப் பிரச்சினைகள், மேலதிகாரிகளால் அவமானம், செல்போன் மீது நியாயமற்ற கட்டுப்பாடு. மாதிரி அளவு போதாது என்று ராணுவத் தரப்பில் மறுத்தார்கள், நிறுவனத்தின் தளத்திலிருந்து கட்டுரையும் காணாமல் போனது. மாதிரி சிறியது என்றால் பெரிய மாதிரியை எடுத்து மறுபடி கேட்க வேண்டியதுதானே? கட்டுரையை எதற்கு எடுப்பது?

"பாதுகாப்பு என்று ஒன்று இருக்கிறதே" என்று உடனே ஒரு குரல் வரும். இருக்கிறது. பெண் பெயரில் வலை விரித்து ரகசியம் கறந்த வழக்குகள் உண்மை. முகாமில் எடுத்த ஒரு செல்ஃபியே ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்பதும் உண்மை. ஆனால் இந்தச் சிக்கலுக்கு ராணுவமே எப்போதோ வழி கண்டுபிடித்துவிட்டது. மிலிட்டரிக்காரர் வீட்டுப் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். கடிதத்தின் மேல் நம்பர், ரேங்க், பெயர், யூனிட், அப்புறம் '56 ஏபிஓ' அல்லது '99 ஏபிஓ'. ஊர் பெயர் இருக்காது. லடாக்கா ராஜஸ்தானா என்று தபால்காரருக்கும் தெரியாது, எழுதிய மனைவிக்கும் தெரியாது. ஆனாலும் கடிதம் போய்ச் சேரும். இதற்கென்றே 1972 மார்ச் 1 முதல் ராணுவத் தபால் சேவை தனிப் படைப்பிரிவாகவே இயங்குகிறது. இடமும் வெளியே தெரியாது, தொடர்பும் அறாது.

காகிதத்தில் முடிந்தது கம்பியில்லாத காலத்தில் ஏன் முடியாது? ராக்கெட் விடுகிற நாடு இது. முகாமுக்குள் பாதுகாப்பான ஒரு வீடியோ அறை, வாரத்தில் இத்தனை நிமிடம் என்று எழுதி வைத்த கணக்கு, அதை மறுத்தால் மேலே முறையிட ஒரு வழி. கேட்பது இவ்வளவுதான். தடை போடுவதற்கு ஒரு நாள் போதும், மாற்று ஏற்பாடு செய்யத்தான் யாருக்கும் அவசரம் இல்லை. கமாண்டிங் ஆபீசர் நல்லவராக அமைந்தால் பேசலாம், இல்லாவிட்டால் விதி என்றிருப்பது அமைப்பே இல்லை, ஜாதகம்.

போன்தான் இப்படி, லீவாவது? வழக்கமான சிப்பாய்க்கு ஆண்டு விடுப்பு 60 நாள், தற்செயல் விடுப்பு 30 நாள், ஆக 90. 2022 ஜூனில் அறிவித்த அக்னிபத் திட்டத்தில் சேரும் பையனுக்கு 30 நாள்தான். அதுவும் பணித் தேவைக்கு உட்பட்டு! பதினேழரை வயதில் சேர்கிறவன் அவன். முதன்முதலாக வீட்டை விட்டுப் போகிறவனுக்குத்தான் வீடு அதிகம் தேவைப்படும், அவனுக்குத்தான் மூன்றில் ஒரு பங்கு. ஜம்முவிலிருந்து காட்பாடிக்கு ரயிலிலேயே இரண்டு நாளுக்கு மேல், அங்கிருந்து பஸ் பிடித்துத் திருவண்ணாமலை. பொங்கலா, தீபமா, அக்கா கல்யாணமா என்று அவன் சீட்டுக் குலுக்கித்தான் போடவேண்டும்.

தீபத்துக்கு வெளியூர்க்காரர்கள் வந்து போக அரசு ஆயிரக்கணக்கில் சிறப்புப் பேருந்து விடுகிறது, நல்லது. உள்ளூர்க்காரன் ஒருவன் வருவதற்குத்தான் வழியில்லை. நான்கு வருடத்துக்கு அவனுக்கு மொத்தம் 120 நாள். பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கும் வழக்கமான சிப்பாய்க்கு அது ஒன்றே கால் வருடச் சொச்சத்துக் கணக்கு.