மருந்து என்னும் ஒரு சொல்

சொல் பொருளை விளக்குதலும் உண்டு, மறைத்தலும் உண்டு. 'மருந்து' என்பது அவ்விரண்டும் செய்ய வல்ல சொல். நோய் தீர்ப்பதும் மருந்து; பயிர்ப்பூச்சியைக் கொல்வதும் மருந்து; செஞ்சிக் கோட்டையின் பீரங்கிகளில் இட்டு வெடித்ததும் மருந்தே. இச்சொல்லின் மயக்கத்தால் விளையக்கூடிய கேடொன்றை நேரிற் கண்டமையின், அதுபற்றிச் சில கருத்துக்களை ஈண்டு வரையத் துணிந்தேன்.

சென்ற கோடை விடுமுறையில், மேல்சித்தாமூரினின்று வந்த பெரியவர் ஒருவர் தபால் நிலையத்தில் எனக்கு முன்னே நின்றார். கண்ணாடியிழைத் தொட்டிகளைப் பழுதுபார்ப்பது அவர் தொழில். கடலூரில் ஃபைபர் படகு வேலை செய்யும் தம் மருமகனுக்குப் புட்டியொன்றைப் பார்சலில் அனுப்ப வந்திருந்தார்.

"உள்ளே என்ன இருக்கிறது, ஐயா?" என்று எழுத்தர் வினவினார்.

"மருந்து, தம்பி."

"என்ன மருந்து?"

"பிசினை இறுகச் செய்கிற மருந்து."

எழுத்தர் புட்டியை வாங்கிப் பார்த்து, "இது தபாலில் போகாது" என்று திருப்பித் தந்தார். காரணம் கூறினாரல்லர். பெரியவர் முகம் வாடிச் சென்றார். சிறிது பொழுதில் யான் பேருந்து நிலையம் சென்றபோது, அப்புட்டி துணிப்பையொன்றினுள் கடலூர் செல்லும் பேருந்தின் நடத்துநர் கையில் இருந்தது. வண்டி நிறைய மக்கள். யானும் வாய் திறந்திலேன்; அப்பொருளின் இயல்பை வேதியியல் பயிலும் நண்பரிடம் பின்னரே கேட்டறிந்தேன்.

அது மெதில் எதில் கீட்டோன் பெராக்சைடு. கரிமப் பெராக்சைடு வகையைச் சேர்ந்தது. ஆக்சிஜனேற்றிகள் என்னும் பொருள்கள் பெரும்பாலும் தாமே எரியா. ஆயின் தம்பால் உள்ள ஆக்சிஜனை அயலிலுள்ளவற்றிற்கு ஈந்து தீயை வளர்க்கும். ஆதலின் காற்றை அடைத்து அத்தீயை அவித்தல் அரிது. வெடியுப்பும் அம்மோனியம் நைட்ரேட்டும் இவ்வகையின. கரிமப் பெராக்சைடோ விறகையும் காற்றையும் ஓருடலில் தாங்கியது போன்றது. வெப்பம் மிகின் அது தானே சிதையும். சிதைவு மேலும் வெப்பம் தரும். உலக நாடுகளின் சரக்கு விதிகளில் இவ்விரண்டும் ஐந்தாம் வகுப்பு. முன்னதற்கு மஞ்சள் நிறச் சாய்சதுர முத்திரை. பின்னதற்கு மேற்பாதி சிவப்பும் கீழ்ப்பாதி மஞ்சளும்.

இத்தகைய அபாயப் பொருள்களைத் தபாலில் அனுப்புதலை 1898ஆம் ஆண்டின் இந்திய தபால் நிலையச் சட்டம் தன் 19ஆம் பிரிவில் தடுத்தது. அச்சட்டத்தின் இடத்தில் 2023ஆம் ஆண்டின் சட்டம் 2024 ஜூன் 18 முதல் நடைமுறைக்கு வந்த பின்னரும் அவை விலக்கப்பட்ட பொருள்களே. எழுத்தர் மறுத்தது நேர்மையான கடமை. ஆயின், காரணம் சொல்லாத மறுப்பு அபாயத்தை அகற்றவில்லை. தபால் பையினின்று பயணிகள் நடுவே இடம் மாற்றியது. இதுவே என் குறை.

பெயர் பிழைப்பின் உயிர் பிழையாது என்பதற்குச் சான்று வேண்டின், 1996 மே 11ஆம் நாள் அமெரிக்காவில் மயாமி நகரினின்று எழுந்த வானூர்தியை நினைமின். காலங்கடந்த ஆக்சிஜன் ஆக்கிக் கலங்கள் சில அதில் ஏற்றப்பட்டன. உள்ளே சோடியம் குளோரேட் இருந்தது. சீட்டிலோ 'வெற்று' என்று எழுதப்பட்டிருந்தது. தீப்பற்றி வீழ்ந்த அவ்வூர்தியில் 110 பேர் மாண்டனர். நம் நாட்டிலும் 2015இல் சென்னையில் சுங்கத்தார் ஏறத்தாழ 700 டன் அம்மோனியம் நைட்ரேட்டைக் கைப்பற்றினர். உரமென்று சொல்லி வந்த அது வெடிப்பொருள் தரத்தது என்பது அவர் கூற்று. மணலியில் அது ஐந்தாண்டு கிடந்தது. 2020 ஆகஸ்டு 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் அதே உப்பு 2,750 டன் வெடித்து, 200க்கு மேற்பட்டோர் இறந்த பின்னரே அது ஐதராபாத்துக்கு அகற்றப்பட்டது.

சிறு புட்டிக்கு இத்துணை அச்சம் எதற்கு என்பார் உளர். புட்டி சிறிதாயினும், வெயிலில் காயும் வண்டிக்குள் அதனருகே இருப்பது யாதென அனுப்பியவர் அறியார். ஏழைத் தொழிலாளி என் செய்வார் என்பாரும் உளர். அது நியாயமான வினா. கடலூரிலேயே அதை வாங்குதல் நன்று. அனுப்பியே தீரவேண்டின், தக்கவாறு அடைத்து, முத்திரையிட்டு, அபாயச் சரக்கிற்குப் பயிற்சி பெற்ற ஓட்டுநருடைய சரக்கு வண்டியில் அனுப்பலாம். அப்பயிற்சியை 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் கட்டாயமாக்கியுள்ளன. இவ்வழியை ஒரு சொல்லிற் காட்டாது 'போகாது' என்று மட்டும் உரைப்பின், மக்கள் ஒளிக்கக் கற்பரேயன்றி விதியைக் கற்கமாட்டார்.

ஆதலின் ஒவ்வொரு தபால் நிலையத்திலும் பேருந்து நிலையத்திலும், விலக்கப்பட்ட பொருள்களின் பட்டியல் தெளிந்த தமிழில், தொழிலாளர் வழங்கும் பெயர்களோடு தொங்கவேண்டும். 'ஆக்சிஜனேற்றி' என்றால் அப்பெரியவருக்கு விளங்காது. 'ஃபைபர் வேலைக்கு ஊற்றும் ஹார்ட்னர்' என்றால் விளங்கும். இப்பெயர்களைத் திரட்டுதல் தமிழ் பயிலும் நமக்கு ஏற்ற பணியன்றோ? சங்கச் சொற்களுக்குப் பொருள் காணும் நாம், புட்டிமேல் ஒட்டிய சொல்லுக்கும் பொருள் காணக் கடமைப்பட்டுள்ளோம்.

மேல்சித்தாமூர் தமிழ்ச் சமணரின் மடம் விளங்கும் ஊர். கொல்லாமையையும் வாய்மையையும் அவர்கள் விரதங்களாகப் போற்றுவர். பிறனை நேசிக்கவும் உள்ளதை உள்ளவாறு உரைக்கவும் எம் ஆண்டவரும் கற்பித்தார். பார்சலின்மேல் உண்மைப் பெயரை எழுதும் ஒருவர் இவ்விரு அறங்களையும் ஒருங்கே காக்கின்றார். அடுத்த முறை 'மருந்து' என்ற சொல் காதில் விழுமாயின், 'என்ன மருந்து?' என்று யானும் கேட்பேன்.