தோழமைப் போட்டிக்கும் விதி வேண்டும்



கடந்த விடுமுறையில் எங்கள் குடும்பங்கள் சில ஒன்றுகூடி, அனுமதி பெற்ற ஒரு சுடுதளத்தில் ஏர் ரைஃபிள் போட்டி ஒன்றை நடத்தினோம். பிள்ளைகள் கைப்பேசியிலிருந்து சற்று விலகி, கண்ணையும் மூச்சையும் கையையும் ஒருமுகப்படுத்தக் கற்றுக்கொள்ளட்டும் என்பதே நோக்கம். விதி எதையும் எழுதி வைக்கவில்லை. "நமக்குள்தானே, விதி எதற்கு?" என்றவர்களுள் நானும் ஒருவன்.

மாலையில் இரண்டு குடும்பங்கள் முகம் கொடுத்துப் பேசாமல் பிரிந்தன. ஒரு சகோதரர் கொண்டுவந்தது பந்தயத்திற்கென்றே செய்யப்பட்ட அழுத்தக் காற்று ரைஃபிள். நுண்துளை வழியே குறிபார்க்கும் கருவியும், உடலை அசையவிடாத தடித்த மேலங்கியும் அவரிடம் இருந்தன. மற்றொருவரின் பதினான்கு வயது மகன் பிடித்திருந்ததோ கடையில் வாங்கிய சாதாரண ஸ்பிரிங் ரைஃபிள். அதன் விசையை இழுத்தவுடன் உள்ளே பாயும் உந்துதண்டு, குண்டு குழலை விட்டு வெளியேறும் முன்பே துப்பாக்கியை உலுக்கிவிடும். வெற்றி யாருக்கு என்பது முதல் ஐந்து குண்டுகளிலேயே தெரிந்துவிட்டது. போதாக்குறைக்கு, கோட்டைத் தொட்டிருந்த ஒரு துளைக்கு ஒன்பதா, பத்தா என்று வாக்குவாதம். அச்சிறுவன் அடுத்த வாரம் பயிற்சிக்கு வரவில்லை.

இருவரில் எவர்மீதும் குற்றமில்லை. போட்டியை ஏற்பாடு செய்த எங்கள்மீதே குற்றம். முதல் குண்டு சுடப்படுவதற்கு முன் எழுதியிருக்க வேண்டியதை, கடைசிக் குண்டுக்குப் பின் வாயால் பேசித் தீர்க்க முயன்றோம்.

இதில் நமக்கு நபிவழியிலேயே தெளிவான முன்மாதிரி உண்டு. நபி (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தியதை இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. பந்தயத்திற்கெனப் பயிற்றுவித்து மெலிய வைக்கப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை ஓட்டம். அதன் தூரம் ஐந்து அல்லது ஆறு மைல் என்று அறிவிப்பாளர் ஒருவர் கூறுகிறார். அவ்வாறு பயிற்றுவிக்கப்படாத குதிரைகளுக்கு ஸனிய்யத்துல் வதாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை, ஏறத்தாழ ஒரு மைல்தான். இருவகைக் குதிரைகளையும் அவர்கள் ஒரே கோட்டில் நிறுத்தவில்லை. வகை பிரித்தார்கள், தூரத்தையும் பிரித்தார்கள். பந்தய ரைஃபிளையும் சாதாரண ரைஃபிளையும் ஒரே பட்டியலில் எழுதிய எங்களுக்கு இதைவிடத் தெளிவான பாடம் வேறென்ன வேண்டும்?

இன்னொரு நிகழ்வும் புகாரியில் உண்டு. அஸ்லம் குலத்தார் அம்பெய்து போட்டியிடுவதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அவர்களை ஊக்குவித்து, தாம் ஓர் அணியின் பக்கம் என்றார்கள். உடனே மற்ற அணி கையை நிறுத்திக்கொண்டது. காரணம் அறிந்ததும், தாம் எல்லோருடனும் இருப்பதாகக் கூறி எய்யச் சொன்னார்கள். நடுவர் நிற்க வேண்டிய இடம் எது என்பதை இது நமக்குக் கற்பிக்கிறது.

"நல்ல கருவி வைத்திருப்பவரை ஏன் தண்டிக்க வேண்டும்?" என்று சிலர் கேட்கலாம். எவரையும் தண்டிக்கவில்லை, அவருக்கு அவருடைய பிரிவு உண்டு. சாதாரணப் பிரிவில் பணப்பையின் கனம் அல்லாமல் பயிற்சியே வெல்ல வேண்டும் என்பதுதான் கோரிக்கை. அதற்காக நாங்கள் இப்போது ஒரே தாளில் எழுதியிருக்கும் விதிகளைப் பிற ஊர்ச் சகோதரர்களின் பார்வைக்கும் வைக்கிறேன்.

கருவி: தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையிலேயே உள்ள, 4.5 மி.மீ. ஸ்பிரிங் ரைஃபிள். எடை 4 கிலோவுக்கு மேற்படக் கூடாது. துப்பாக்கியோடு வந்த திறந்த குறிகாட்டி மட்டுமே. தொலைநோக்கி பொருத்தியவர்களுக்குத் தனிப் பிரிவு. மேலங்கி, தோள்வார், கையுறை இல்லை. விசை மிக இலகுவாக இருக்கலாகாது: குண்டு இல்லாத ரைஃபிளை இலக்குத் திசையில் வைத்துச் சோதித்து, ஒரு கிலோவுக்குக் குறைந்த இழுப்பில் விடுபடும் விசையை நடுவர் ஏற்கமாட்டார்.

இலக்கு: தூரம் 10 மீட்டர். பன்னாட்டுப் போட்டிகளின் ஏர் ரைஃபிள் அட்டையில் பத்து என்பது அரை மில்லிமீட்டர் அகலப் புள்ளி. சாதாரண ரைஃபிளுக்கு அது மனத்தை உடைக்கும் இலக்கு. அதே தூரத்திற்கான ஏர் பிஸ்டல் அட்டையில் பத்தின் வட்டம் 11.5 மி.மீ. இருப்பதால் அதையே எடுத்துக்கொண்டோம். நின்ற நிலையில் இருபது குண்டுகள், முப்பது நிமிடம். முதியவர்களும் பன்னிரண்டு வயதுக்குட்பட்டோரும் நாற்காலியில் அமர்ந்து, மேசைமேல் தாங்கி வைத்துச் சுடலாம். அவர்களின் புள்ளிகள் தனிப் பட்டியலில் சேரும்.

மதிப்பெண்: துளையின் விளிம்பு கோட்டைத் தொட்டால் உயர்ந்த எண்ணே கணக்கு. தம் அட்டையைத் தாமே எண்ணக் கூடாது. அடுத்தவர் அட்டையில் சுட்டவருக்கு அந்தக் குண்டு சுழியம். சமநிலை வந்தால் கடைசிப் பத்துக் குண்டுகள் முடிவு செய்யும். நடுவரின் தீர்ப்பே இறுதி. அவருடைய பிள்ளை போட்டியிடும் சுற்றில் வேறொருவர் நடுவராக இருப்பார்.

பாதுகாப்பு: கட்டளை வரும்வரை குண்டு ஏற்றக் கூடாது, குழல் எப்போதும் இலக்கை நோக்கியே இருக்க வேண்டும், 'நிறுத்து' என்று எவர் குரல் கொடுத்தாலும் எல்லோரும் நிறுத்த வேண்டும். கண்ணாடி அணிவது கட்டாயம். குண்டு ஈயத்தால் ஆனது என்பதால் கை கழுவாமல் எதையும் உண்ணலாகாது. விளையாட்டுக்குக்கூடச் சகோதரனை நோக்கி ஆயுதத்தை நீட்டுவதை நபி (ஸல்) அவர்கள் கடுமையாக எச்சரித்தார்கள். பள்ளியிலும் கடைத்தெருவிலும் அம்புடன் செல்பவர் அதன் முனையைப் பிடித்துக்கொள்ளுமாறு பணித்தார்கள். உயிருள்ளவற்றை இலக்காக்குவதையும் தடுத்தார்கள். ஆகவே புறாவும் அணிலும் எங்கள் தாளில் முதல் வரியிலேயே விலக்கப்பட்டுள்ளன.

இடம்: வீட்டு மொட்டைமாடி அன்று, சுடுதளம் மட்டுமே. இந்தியாவில் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள், 4.5 மி.மீ. அளவும் 20 ஜூலுக்குட்பட்ட ஆற்றலும் கொண்ட ஏர் ரைஃபிளுக்கு உரிமத்திலிருந்து விலக்கு அளிக்கின்றன. .22 ரைஃபிளுக்கு உரிமம் கட்டாயம். இந்த வேறுபாட்டைப் பெற்றோர் அறிந்திருப்பது கடமை.

கடைசியாகப் பரிசு. சென்ற முறை ஆளுக்கு இருநூறு ரூபாய் திரட்டி, மொத்தத்தையும் வென்றவருக்குக் கொடுத்தோம். அன்றைய மனக்கசப்பின் வேர் இதுதான் என்று இப்போது எண்ணுகிறேன். அம்பெய்தல், ஒட்டகம், குதிரை ஆகியவற்றில் பரிசுக்கு அனுமதி உண்டு என்ற ஹதீஸ் அபூதாவூத், திர்மிதியில் இடம்பெற்றுள்ளது. குறிசுடுதலை அம்பெய்தலோடு ஒப்பிடும் ஆலிம்கள் பலர். ஆயினும் போட்டியாளர் அனைவரும் பணம் போட்டு, வென்றவர் அள்ளிக்கொண்டு மற்றவர் இழப்பதைப் பெரும்பாலான ஃபிக்ஹ் அறிஞர்கள் சூதின் வாசலாகவே கண்டார்கள். போட்டியிடாத ஒருவர் பரிசளித்தால் அந்தச் சிக்கல் இல்லை. எனவே இனி நுழைவுக் கட்டணம் அட்டைக்கும் குண்டுக்கும் மட்டுமே. பரிசு, போட்டியில் கலந்துகொள்ளாத ஒரு சகோதரரின் அன்பளிப்பு. ஐயமுள்ளவர்கள் தம் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவது நலம்.

தாளை எழுதி முடித்ததும் முதற்படியை அச்சிறுவனின் வீட்டிற்கே எடுத்துச் சென்றேன். தந்தை சலாத்திற்குப் பதில் சொல்லி அமரச் செய்தார். மகன் இருமுறை படித்துவிட்டு, "ரைஃபிள் வாங்க முடியாத பசங்களுக்கு நாமே ஒண்ணு இரவல் கொடுக்கணும் மாமா, அதையும் எழுதுங்க" என்றான். வகுப்பில் அவனுடைய நண்பர்கள் இருவர் அந்த ஒரே காரணத்தால்தான் வரவில்லையாம்.

அதையும் எழுதிச் சேர்த்துவிட்டோம். அடுத்த விடுமுறையில் போட்டி உண்டு, இன்ஷா அல்லாஹ்.