கால்மிதியைத் தூக்குங்கள்!

பழைய மாருதி 800 வாங்கலாமா என்று வீட்டில் பேச்சு நடக்கிறதா? 1983-ல் பிறந்து, 2014-ல் உற்பத்தி நின்றுபோன வண்டி அது. 796 ஸி.ஸி., மூன்றே சிலிண்டர். சிக்கனமான, சாதுவான எஞ்சின்தான்.

ஆனால் விலை பேசுவதை அவரிடம் விட்டுவிட்டு, நீங்கள் கால்மிதியைத் தூக்கிப் பாருங்கள். புதுப் பெயிண்ட் மறைத்த துருவைத் தரைத்தகடு காட்டிக் கொடுத்துவிடும். எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். தண்ணீரில் எண்ணெய் மிதந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். டைமிங் பெல்ட் மாற்றியது எப்போது என்ற கேள்விக்கு மழுப்பினால், அந்தச் செலவை விலையில் கழித்துவிடுங்கள்.

சென்னையில் புகைக் கட்டுப்பாட்டால் இதன் விற்பனை 2010 ஏப்ரலிலேயே நின்றது. அங்கே பதிவான வண்டிக்கு 15 வயது தாண்டியிருக்கும். ஆர்.ஸி.யைப் புதுப்பிக்காத வண்டியை வாங்கினால், வாசலில் நிறுத்தி அழகு பார்க்க வேண்டியதுதான்!