நீர் வற்றிய நகரின் வழியே

'சஃபாரி' என்றதும் ஜீப்பும் சிங்கமும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. அச்சொல்லின் தாய்வீடு எது தெரியுமா? நாம் 'சஃபர்' என்கிறோமே, அந்த அரபுச் சொல்தான் கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரையின் சுவாஹிலி மொழியில் 'சஃபாரி' ஆயிற்று, பொருள், பயணம். கென்யாவுக்குச் செல்வோரில் பலர் விலங்குகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். குற்றமில்லை. ஆயினும் ஒரு முஸ்லிம் குடும்பம் அங்குச் செல்ல நேர்ந்தால், மொம்பாஸாவிலிருந்து வடக்கே மாலிந்தி வரை கடலை ஒட்டிச் செல்லும் சாலையைத்தான் முதலில் காண வேண்டும் என்பேன். ஏறத்தாழ 120 கிலோமீட்டர். கஸ்ராகத் தொழுவதற்குப் போதுமான தூரமே!

மொம்பாஸா ஒரு தீவு. பிற்காலத்தில் நம் மதுரைக்கும் வந்த இப்னு பதூதா, 1331இல் இங்கே ஓர் இரவு தங்கினார். மக்கள் ஷாஃபிஈ மத்ஹபினர், பேணுதலுடையோர் என்றும், பள்ளிவாசல்கள் மரத்தால் நேர்த்தியாகக் கட்டப்பட்டவை என்றும் எழுதினார். நாவற்பழத்தைக் கூட அவர் விட்டுவைக்கவில்லை. பள்ளிவாசலின் கதவருகே ஒன்றிரண்டு முழ ஆழத்தில் கிணறு. கோல் பொருத்திய மரப்பாத்திரத்தால் நீர் முகந்து, கால் கழுவி, வாசலில் கிடக்கும் பாயில் துடைத்துக்கொண்டு உள்ளே நுழைவார்களாம். ஒன்றிரண்டு முழத்தில் தண்ணீர்! இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தீவைவிட்டுப் பாலம் கடந்ததும் தென்னந்தோப்புகள் தொடங்குகின்றன. விப்பிங்கோவை நெருங்கினால், கயிற்றுக்கான நார்க் கற்றாழை வரிசை வரிசையாகக் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்கும். அதன் நடுவே ஆங்காங்கே பருத்த பெருக்க மரங்கள். அரபு வணிகர் மன்னாருக்குக் கொணர்ந்ததாகச் சொல்லப்படும் அதே மரம்தான். கிலிஃபியில் கடற்கழியின்மேல் 1991இல் திறக்கப்பட்ட உயர்ந்த பாலம் உண்டு. அதற்கு முன் படகில்தான் வண்டிகள் கடந்தன. இங்கே பசியாறலாம். ஏலம் மணக்கும் 'மஹம்ரி' என்னும் பொரித்த பண்டமும், தேங்காய்ப் பாலில் வெந்த துவரையும் இக்கரையின் காலை உணவு. அது வரும் தட்டுக்குப் பெயர் 'ஸஹானி'. நம் விருந்துகளில் 'ஸஹன்' வைக்கிறோமே, அதன் உடன்பிறப்பு!

பிறகு இடப்புறம் அரபுக்கோ சொக்கோக்கே காடு தொடர்கிறது. மாலிந்திக்கு ஏறத்தாழ 16 கிலோமீட்டர் முன்னதாகக் கெடி என்னும் பாழ்நகரம் உள்ளது. அவசரமாகப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள்.

பவளக்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய முஸ்லிம் நகரம் இது. அரண்மனை, வீடுகள், ஜும்ஆப் பள்ளி யாவும் கூரையின்றி நிற்க, சுவர்களைப் பெருமரங்களின் வேர்கள் பற்றியிருக்கின்றன. ஒரு கபுறின் மேல் ஹிஜ்ரி 802 (கி.பி. 1399) என்ற ஆண்டு பொறிக்கப்பட்டுள்ளது. 1948 முதல் இங்கே அகழ்ந்தவர்கள், கிடைத்த பொருளைக் கொண்டே வீடுகளுக்குப் பெயரிட்டனர்: கத்தரிக்கோல் வீடு, இரும்பு விளக்கு வீடு, சீனக் கிண்ண வீடு. பெயரிழந்த அக்குடும்பங்களுக்கு எஞ்சிய முகவரி அதுதான். 2024இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

இத்துணைச் செழிப்பான ஊர் 17ஆம் நூற்றாண்டில் ஏன் வெறிச்சோடிற்று? படையெடுப்பு என்பர் சிலர். 1593இல் மாலிந்தியின் ஆட்சியாளர் போர்ச்சுக்கீசியருடன் மொம்பாஸாவுக்கு இடம்பெயர்ந்ததால் ஆதரவிழந்தது என்பர் வேறு சிலர். எனக்கோ அரண்மனை மதிலருகே உள்ள கிணறுதான் அதிகம் பேசுவதாகப் படுகிறது. அதை இடையில் ஒருமுறை மேலும் ஆழப்படுத்தியிருக்கிறார்கள். நிலத்தடி நீர் இறங்கியதற்கு அது அடையாளம் என்கின்றனர் ஆய்வாளர். பள்ளிவாசலிலும் கிணறுண்டு, ஒளு செய்யும் தொட்டியுண்டு. இன்று அங்கே ஒளுவுமில்லை, பாங்குமில்லை. காலடியிலேயே நீர் கிடைத்த கரையில் கயிறு நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போனபோது, அவ்வீட்டுப் பெண்கள் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள்?

மாலிந்தியில் எல்லோரும் வாஸ்கோ ட காமாவின் தூணைத்தான் காட்டுவார்கள். 1498இல் அவனுக்குக் கோழிக்கோட்டுக்கு வழிகாட்டியை அளித்த ஊர் இது. அந்த உபசாரத்தின் விலையை மலபார் முஸ்லிம்கள் பிறகு கொடுத்தனர். தூணைப் பார்த்துவிட்டு, கடற்கரைச் சாலையிலுள்ள ஜும்ஆப் பள்ளிக்கு வாருங்கள். அதனருகே 15ஆம் நூற்றாண்டின் தூண் கபுறு உயர்ந்து நிற்கிறது. பள்ளியில் தொழுகை நடந்துகொண்டிருக்கிறது. கெடியில் நேரமாகிவிடும் என்று தோன்றினால், லுஹரை அஸருடன் சேர்த்துத் தொழும் நிய்யத்தை லுஹருடைய நேரத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். அஸருக்கு இங்கே வந்துவிடலாம்.